நாவைக் காப்பது எப்படி? வீட்டுக்கும் சபைக்கும் போனுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

மட்டக்களப்புப் பக்கம் ஒரு சபை இரண்டாகப் பிரிந்தால், உபதேச வேறுபாடு என்று வெளியில் சொல்வார்கள். உள்ளே இருந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். யாரோ ஒருவர், அங்கே இல்லாத இன்னொருவரைப் பற்றிச் சொன்ன கதையில்தான் பிரச்சினை தொடங்கியிருக்கும். கூடப்பிறந்தவர்கள் வேலி அடைத்துக்கொண்டு ஆளையாள் முகம் பார்க்காமல் இருப்பதற்கும் பெரும்பாலும் காணி அளவு காரணமாக இருக்காது. காணிக்காகக் கதைத்தபோது வாயிலிருந்து வந்த ஒரு சொல்தான் காரணமாக இருக்கும்.

நாவை அடக்க வேண்டும் என்பது ஞாயிறு ஆராதனைக்குப் போகும் எல்லாருக்கும் தெரியும். யாக்கோபு மூன்றாம் அதிகாரத்தைப் பிரசங்கத்தில் கேட்டுவிட்டு, வெளியே வந்து செருப்புப் போடுவதற்குள்ளேயே ஒரு கதை தொடங்கிவிடுகிறது. ஆகவே இந்த வழிகாட்டியில் எந்த இடத்தில், எந்த நேரத்தில், என்ன செய்யலாம் என்பதையே எழுதுகிறேன். எல்லாப் படிகளுக்கும் அடியில் இருப்பது ஒரே பழக்கம். ஒருவர் இல்லாத இடத்தில் அவரைப் பற்றிக் கதைப்பதைக் குறைத்து, அவர் இருக்கும் இடத்துக்குப் போய் அவரோடு கதைக்கப் பழகுவதுதான் அது. கத்தோலிக்கர், மெதடிஸ்தர், அங்கிலிக்கன், பெந்தெகொஸ்தே என்று யாராக இருந்தாலும் இது பொருந்தும்.

தொடங்குமுன்: அந்த வசனத்தைச் சரியாக வாசிப்போம்

"மரணமும் ஜீவனும் நாவின் அதிகாரத்திலிருக்கும்" (நீதிமொழிகள் 18:21). முச்சக்கர வண்டியின் பின்கண்ணாடியில் இருக்கும், கலண்டரில் இருக்கும், வீட்டு வாசலில் ஸ்டிக்கராகவும் ஒட்டியிருக்கும். பலர் இதை மந்திரம்போல எடுத்துக்கொள்கிறார்கள். காய்ச்சல் என்று வாயால் சொன்னால் காய்ச்சல் வந்துவிடும், "சுகமாயிருக்கிறேன்" என்று அறிக்கையிட்டால் போய்விடும் என்ற போதனை எங்கள் ஊர்களில் வேகமாகப் பிடித்ததற்கு ஒரு காரணம் உண்டு என்று நினைக்கிறேன். நாவூறு பற்றிய பயம் இங்கே பழையது. "பிள்ளை நல்லாக் கொழுத்திருக்கு" என்று யாராவது சொல்லிவிட்டுப் போனால், அன்று மாலையே செத்தல் மிளகாயையும் உப்பையும் சுற்றி அடுப்பில் போடுவார்கள். அந்தப் பயம்தான் சட்டை மாற்றிக்கொண்டு சபைக்குள் வந்திருக்கிறது.

அந்த அதிகாரத்தை முழுதாக வாசித்தால் வேறு காட்சி தெரியும். எட்டாம் வசனம் கோள்காரனைப் பற்றியது. பதின்மூன்றாம் வசனம், காரியத்தைக் கேட்குமுன் பதில் சொல்கிறவனைப் பற்றியது. பதினேழில், வழக்கில் முதலில் பேசுகிறவன் நீதிமானைப் போலத் தெரிவான், மற்றவன் வந்து விசாரித்த பிறகுதான் உண்மை வெளிவரும் என்று இருக்கிறது. பத்தொன்பதில் மனம் நொந்த சகோதரனை மறுபடி வசப்படுத்துவது கோட்டையைப் பிடிப்பதைவிடக் கடினம் என்று வருகிறது. ஆக, பேச்சு முழுவதும் வழக்கு, கோள், சண்டை பற்றியே இருக்கிறது. இங்கே சொல்லப்படும் சாவும் வாழ்வும் பெரும்பாலும் அயலவனுடையவை. நாபோத்தை நினைத்துக்கொள்ளுங்கள் (1 இராஜாக்கள் 21). பொய்ச் சாட்சி சொன்ன இரண்டு பேரின் வாயால் ஒரு மனிதன் கல்லெறிந்து கொல்லப்பட்டான், அவனுடைய திராட்சத்தோட்டமும் பறிபோனது.

நோயைச் சொல்வது அவிசுவாசம் ஆகாது. தீமோத்தேயுவின் வயிற்றைப் பற்றியும் அவனுக்கு அடிக்கடி வரும் பலவீனங்களைப் பற்றியும் பவுல் வெளிப்படையாகவே எழுதுகிறார் (1 தீமோத்தேயு 5:23). துரோப்பீமுவை வியாதிப்பட்டவனாக மிலேத்துவில் விட்டுவந்ததையும் மறைக்கவில்லை (2 தீமோத்தேயு 4:20). டெங்குக் காலத்தில் மூன்று நாள் காய்ச்சலோடு "எனக்கு ஒன்றுமில்லை" என்று அறிக்கையிட்டுக்கொண்டு இருக்காமல், போய் இரத்தம் சோதியுங்கள். ஜெபத்தையும் விடாதீர்கள்.

முதற்படி: ஒரு வாரம் சும்மா கவனியுங்கள்

இன்று முதல் தீமையாகப் பேசவே மாட்டேன் என்று பொருத்தனை பண்ணாதீர்கள். செவ்வாய்க்கிழமை அது உடையும், புதன்கிழமை மனம் விட்டுவிடும். அதற்குப் பதிலாக ஒரு வாரம் சின்னக் கொப்பி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். என்ன சொன்னேன் என்று எழுதவேண்டாம், அந்தக் கொப்பி யார் கையிலாவது போனால் அதுவே புதுக் கோளாகிவிடும். எங்கே, எத்தனை மணிக்கு, யாரோடு இருந்தபோது வாய் வழுவியது என்பதை மட்டும் குறியுங்கள்.

வாரக் கடைசியில் பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரியும். பொதுவாக எல்லா இடத்திலும் எல்லாரோடும் நாங்கள் கெட்ட பேச்சுப் பேசுவதில்லை. சிலருக்கு ரியூஷன் வகுப்பு வாசலில் பிள்ளைக்காகக் காத்து நிற்கும் அரைமணி நேரம். சிலருக்குத் தேத்தண்ணிக் கடை வாங்கு. சிலருக்கு வேலை முடிந்து களைத்து வரும் மாலை ஆறு மணி. சிலருக்கு ஒரு குறிப்பிட்ட மச்சாளின் போன் அழைப்பு, அவவோடு கதைத்தால் மாத்திரம் கதை எப்போதும் அந்தப் பக்கமே போகும். இடத்தையும் நேரத்தையும் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பசியோடு வீட்டுக்கு வருகிறவர், வந்தவுடன் பிள்ளையின் கணக்குக் கொப்பியைக் கேட்காமல் முதலில் சாப்பிடலாம்.

"இருதயத்தின் நிறைவினால் வாய் பேசும்" என்று இயேசு சொன்னார் (மத்தேயு 12:34). அதனால் கொப்பியில் இன்னொரு வரியும் இருக்கட்டும்: அப்போது உள்ளே என்ன இருந்தது? பொறாமையா, பயமா, வெறும் அலுப்பா? ஒரு சகோதரியின் பாட்டை நீங்கள் எப்போதும் குறை சொல்கிறீர்கள் என்றால், உங்களைப் பாடக் கூப்பிடாத மனவருத்தம் உள்ளே இருக்கலாம். அப்படியென்றால் ஜெபிக்கவேண்டியது அந்த வருத்தத்துக்காக.

இரண்டாம் படி: வாய்க்கு முதல், ஜெபம்

"கர்த்தாவே, என் வாய்க்குக் காவல்வையும், என் உதடுகளின் வாசலைக் காத்துக்கொள்ளும்" (சங்கீதம் 141:3). இதைப் பாடமாக்கி, காலையில் போனைக் கையில் எடுக்குமுன் சொல்லுங்கள். நாவை அடக்க ஒரு மனுஷனாலும் கூடாது என்று யாக்கோபே எழுதியிருக்கிறார். சுயபலத்தால் முடியாது என்பதை ஒத்துக்கொண்டு தொடங்குவதே நல்லது. கத்தோலிக்கராக இருந்தால், பாவசங்கீர்த்தனத்துக்குப் போகும்போது "கோள் சொன்னேன்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாமல், அதனால் யாருக்கு என்ன நடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். பாரம் தெரியும்.

மூன்றாம் படி: வீட்டுக் கோபம்

"யாவரும் கேட்கிறதற்குத் தீவிரமாயும், பேசுகிறதற்குப் பொறுமையாயும், கோபிக்கிறதற்குத் தாமதமாயும் இருக்கக்கடவர்கள்" (யாக்கோபு 1:19). வரிசையைக் கவனியுங்கள். கேட்பது முதலில் வருகிறது. எங்கள் வீடுகளில் கோபம் முதலில் வரும், பேச்சு அதற்குப் பின்னால் ஓடிவரும், கேட்பது அடுத்த நாள் நடந்தால் உண்டு.

இதில் எனக்குப் பிடித்த ஆசிரியை அபிகாயில் (1 சாமுவேல் 25). அவளுடைய புருஷன் நாபாலின் வாயிலிருந்து வந்த ஒரு கேலி, "தாவீது என்பவன் யார்?" என்பது, தாவீதோடு நானூறு பேர் பட்டயம் கட்டிக்கொண்டு புறப்படப் போதுமாயிருந்தது. அபிகாயில் என்ன செய்தாள் என்று படிப்படியாகப் பாருங்கள். முதலில் வேலைக்காரன் சொன்னதை முழுதாகக் கேட்டாள். பிறகு தாவீதின் ஆட்களுக்குச் சாப்பாட்டை ஏற்றி அனுப்பினாள். பிறகு தானே போய் தாவீதோடு நேருக்கு நேர் பேசினாள். அவனுடைய கோபத்தைப் பிழை என்று அடித்துச் சொல்லாமல், நாளைக்கு ராஜாவாகும்போது இந்த இரத்தப்பழி மனதை உறுத்துமே என்று நினைவுபடுத்தினாள். வீட்டுக்கு வந்து பார்த்தால் புருஷன் வெறியில் இருக்கிறான். "பொழுது விடியுமட்டும்" அவள் சின்னக் காரியமோ பெரிய காரியமோ எதையும் அவனுக்குச் சொல்லவில்லை. வெறி தெளிந்த பிறகு, காலையில் எல்லாவற்றையும் சொன்னாள்.

இதிலிருந்து வீட்டுக்கு எடுக்கக்கூடியது: குடித்துவிட்டு வந்தவரோடு அந்த இரவில் நியாயம் கதைக்காதீர்கள். கசிப்புக்கும் சாராயத்துக்கும் எங்கள் மாவட்டத்தில் எத்தனை குடும்பம் அழுகிறது என்று சொல்லத் தேவையில்லை. இரவில் கதைத்தால் அடி, காலையில் கதைத்தால் ஒருவேளை வெட்கம். காலையில் கதைக்கும்போதும் "நீங்கள் எப்பவும் இப்படித்தான்" என்று தொடங்காமல், நேற்று நடந்த ஒன்றை மாத்திரம் சொல்லுங்கள். "எப்பவும்", "ஒருக்காலும்" என்ற இரண்டு சொல்லையும் வீட்டுச் சண்டையிலிருந்து எடுத்துவிட்டால் சத்தம் பாதியாகக் குறையும்.

இங்கே ஒன்றை அழுத்தியே சொல்லவேண்டும். நாவடக்கம் என்ற பெயரில் அடிவாங்கும் பெண்ணையும், கெடுக்கப்பட்ட பிள்ளையையும் வாய்மூட வைப்பது சபைகளில் நடக்கிறது. "வெளியில் சொன்னால் சாட்சி கெட்டுப்போகும், ஜெபி சகோதரி" என்பது வேதத்தின் போதனை ஆகாது. "ஊமையனுக்காகவும்... உன் வாயைத் திற" என்று நீதிமொழிகள் 31:8 சொல்கிறது. அபிகாயிலும் புருஷனின் புத்திகெட்ட வேலையை மறைத்து வைக்கவில்லை, வீட்டாரின் உயிரைக் காக்க அவனிடம் சொல்லாமலே புறப்பட்டுப் போனாள். அடிவிழும் வீட்டில் இருப்பவர்கள் 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்துக்கு எடுக்கலாம். சிறுவருக்கு 1929. பொலிஸ் நிலையத்தில் சிறுவர், மகளிர் பிரிவு இருக்கிறது. இதைச் சொல்வது கோள் ஆகாது. சபையில் யாரும் அதைக் கோள் என்று சொன்னால் அவரைத் திருத்துங்கள்.

நான்காம் படி: பிள்ளைகளுக்குச் சொல்லும் சொல்

ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பெறுபேறு வரும் வாரத்தில் எங்கள் தெருக்களில் நடந்து பாருங்கள். வேலிக்கு வெளியே கேட்கும். "பக்கத்து வீட்டுப் புள்ளைக்கு நூற்றி அறுபது, உனக்கு என்ன கேடு?" பத்து வயதுப் பிள்ளை அதை மறக்காது. மொக்கு, மாடு, தரித்திரம் என்று சொல்லிச் சொல்லி வளர்த்துவிட்டு, பதினெட்டு வயதில் வாய் திறந்து எதையும் சொல்கிறானில்லை என்று போதகரிடம் கூட்டிக்கொண்டு வருகிறார்கள்.

பிள்ளைகளைக் கோபப்படுத்தாதிருங்கள் என்று எபேசியர் 6:4 தகப்பன்மாரைப் பார்த்துச் சொல்கிறது. கண்டிக்கவேண்டாம் என்று அதற்குப் பொருள் வராது. செய்த பிழையைக் கண்டியுங்கள், பிள்ளைக்குப் பட்டம் வைக்காதீர்கள். "மனே, இந்தக் கணக்கை நீ வாசிக்காமல் விட்டுட்டாய்" என்பது திருத்தக்கூடிய ஒன்று. "நீ மொக்கன்" என்பதைப் பிள்ளை எப்படித் திருத்தும்? அப்புறம், இன்னொன்றும் இருக்கிறது. நல்லதைச் சொல்லும்போது பிள்ளையின் முன்னால் சொல்லுங்கள். அது இல்லாதபோது மாமியிடமும் அயலாரிடமும் புகழ்ந்துவிட்டு, நேரில் ஒன்றும் சொல்லாமல் இருப்பது எங்கள் தகப்பன்மாரின் பழைய வழக்கம். நாவூறு பட்டுவிடும் என்ற பயமும் அதற்குள் கொஞ்சம் ஒளிந்திருக்கிறது. யோர்தானில் இயேசு ஞானஸ்நானம் பெற்றபோது பிதா, "இவர் என்னுடைய நேசகுமாரன்" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். அதுவும் ஊழியம் தொடங்குமுன், இயேசு இன்னும் ஒரு அற்புதமும் செய்யாத நாளில்.

ஐந்தாம் படி: ஜெபக்குறிப்பு என்ற கோள்

சபைக்குள் நடப்பதில் மிக ஆபத்தானது இதுதான், ஏனென்றால் பார்க்கப் பக்தியாக இருக்கும். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்து, பாய் சுருட்டி, பிளேன்ரீ குடிக்கும் நேரம். ஒருவர் மற்றவரின் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொல்வார்: "இஞ்ச பாருகா, ஜெபத்துக்காகத்தான் சொல்லுறன், ஆருக்கும் சொல்லிராத. அவட மகள்ர விசயம் கேள்விப்பட்டியா?" அடுத்த ஞாயிறுக்குள் அந்த மகளின் விசயம் பத்து வீட்டில் ஜெபிக்கப்படும். அந்தப் பிள்ளைக்கு மாத்திரம் தெரியாது. தெரிய வரும் நாளில் அவள் சபைக்கு வருவதை நிறுத்திவிடுவாள்.

மட்டக்களப்புக்கு 1814ஆம் ஆண்டு வில்லியம் ஓல்ட் என்ற இளம் மெதடிஸ்த ஊழியர் வந்தார், அடுத்த ஆண்டே இங்கே இறந்தும் போனார். மெதடிஸ்த மத்திய கல்லூரியின் தொடக்கம் அவரிடமிருந்துதான். அவரை அனுப்பிய அந்த மெதடிஸ்த இயக்கத்தின் முதல் தலைமுறைக்கும் இதே வியாதி இருந்தது. 1752 ஜனவரியில் ஜோன் வெஸ்லியும் அவருடைய தம்பி சார்ள்ஸும் கூட இருந்த சில ஊழியரும் ஒரு உடன்படிக்கை எழுதிக் கையெழுத்திட்டார்கள். அதன் சாரம் இவ்வளவுதான்: ஒருவரைப் பற்றி ஒருவர் தீமையான கதையைக் கேட்கமாட்டோம், தேடிப்போய் விசாரிக்கவும் மாட்டோம். காதில் விழுந்தாலும் உடனே நம்பமாட்டோம். கேட்டதை முடிந்தளவு சீக்கிரம் சம்பந்தப்பட்டவரிடமே பேசியோ எழுதியோ தெரியப்படுத்துவோம். அதுவரை வேறு யாரிடமும் ஒரு எழுத்தும் சொல்லமாட்டோம். அவரிடம் சொன்ன பிறகும் வேறு யாரிடமும் சொல்லமாட்டோம். விதிவிலக்கு வேண்டுமென்றால், எல்லாரும் கூடும் ஆலோசனைக் கூட்டத்தில் கட்டாயம் என்று கண்டால் மாத்திரம்.

கவனித்தீர்களா, முதல் விதி வாயைப் பற்றியதாக இல்லை, காதைப் பற்றியது. வாங்குகிற காது இல்லாவிட்டால் விற்கிற வாய்க்கு வியாபாரம் இல்லை. "விறகில்லாமல் நெருப்பு அவியும்" என்று நீதிமொழிகள் 26:20 சொல்வதும் இதைத்தான்.

சரி, கதை கொண்டுவருகிறவரை எப்படி நிறுத்துவது? எங்கள் ஊரில் மூத்தவர் ஒருவரைப் பார்த்து "நீங்கள் கோள் சொல்கிறீர்கள்" என்று முகத்துக்கு நேரே சொல்ல முடியாது, அது இன்னொரு சண்டையாகிவிடும். இவற்றில் ஒன்றைச் சொல்லிப் பாருங்கள்: "மாமி, அவவிட்டயே கேட்டீங்களா?" அல்லது, "அப்ப வாங்க, ரெண்டு பேரும் இப்பவே போய் அவவைப் பார்த்து ஜெபிப்பம்." இரண்டாவது சொல்லுக்குப் பெரும்பாலான கதை அங்கேயே நின்றுவிடும். பெண்கள் ஐக்கியம், வாலிபர் கூட்டம், வீட்டுக்கூட்டம் நடத்துகிறவர்களுக்கு ஒரு ஆலோசனையும் உண்டு: ஒருவரின் பெயரைச் சொல்லி ஜெபக்குறிப்புத் தருவதென்றால் அவருடைய சம்மதம் வேண்டும் என்று விதி வையுங்கள். சம்மதம் இல்லாவிட்டால் "ஒரு குடும்பத்துக்காக" என்று சொன்னால் போதும். யார் என்று தேவனுக்குத் தெரியும்.

ஆறாம் படி: நேரில் போய்ச் சொல்வது

"நீயும் அவனும் தனித்திருக்கையில், அவன் குற்றத்தை அவனுக்கு உணர்த்து" (மத்தேயு 18:15). இதைச் செய்யாமல் இருப்பதற்கு எங்களிடம் நூறு நியாயம் இருக்கும். அவர் வயதில் மூத்தவர், சம்பந்தி முறை, பாஸ்டருக்கு வேண்டியவர். மூத்தவரிடம் போவதென்றால் முறை தப்பாமல் போங்கள். விழாவிலோ மற்றவர் இருக்கும் இடத்திலோ வேண்டாம். முன்கூட்டிச் சொல்லிவிட்டு, அவருடைய வீட்டுக்கே போய், தருகிற தேத்தண்ணியைக் குடித்த பிறகு கதையுங்கள். கோபம் சூடாக இருக்கும் அன்றைக்குப் போகவேண்டாம். ஒரு மாதம் தள்ளவும் வேண்டாம்.

தொடக்கம் கேள்வியாக இருக்கட்டும். "ஐயா, கணக்குக் கூட்டத்தில் நீங்கள் சொன்னதை நான் இப்படி விளங்கிக்கொண்டேன், நான் விளங்கினது சரியா?" பாதிக்குப் பாதி நேரம் விளங்கினதே பிழையாக இருக்கும், அங்கேயே முடிந்துவிடும். சரியாக இருந்தால், என்ன நடந்தது, அதனால் எனக்கு என்ன ஆனது என்று இரண்டு விசயம் மட்டும் சொல்லுங்கள். அவருடைய நோக்கம் என்ன என்று நீங்கள் தீர்ப்புச் சொல்லவேண்டாம். "மற்றவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள்" என்று ஒருபோதும் சேர்க்காதீர்கள். அந்த ஒரு வரி கேட்டவுடன் அவர் உங்களை விட்டுவிட்டு, அந்த மற்றவர்கள் யார் என்று தேடத் தொடங்கிவிடுவார்.

அவர் கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்கிறது அடுத்த வசனம். அந்த ஒன்றிரண்டு பேர் உங்கள் பக்கத்து ஆட்களாக இருக்கக்கூடாது. இருவரும் மதிக்கிற ஒருவராக இருக்கட்டும். பணக் கையாடல், பாலியல் துன்புறுத்தல் போன்ற குற்றத்துக்கு இந்த வழி போதாது, அதற்கு சட்டம் இருக்கிறது.

ஏழாம் படி: போன்

அம்பாறை நகரில் 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு நடந்ததை எங்கள் பக்கத்தில் மறக்கக்கூடாது. முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில், கறியில் கிடந்த ஒரு கட்டியைக் காட்டி, அது பிள்ளைப்பேறு இல்லாமல் செய்யும் மருந்து என்று சத்தம் போட்டார்கள். சிங்களம் சரியாக வராத கடைக்காரர், சூழ்ந்து நின்ற கூட்டத்துக்கு நடுவில் ஆம் என்பதுபோல எதையோ சொல்லிவிட்டார். அது வீடியோவாகி பேஸ்புக்கில் ஓடியது. கடை உடைந்தது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. பின்னர் அரச பகுப்பாய்வாளரின் சோதனையில் அது மாவுக்கட்டி என்று தெரிந்தது. அப்படி மலடாக்கும் மாத்திரை ஒன்று மருத்துவத்திலேயே கிடையாது. அடுத்த வாரம் கண்டிக்கு அருகே திகன பக்கத்தில் வன்முறை வெடித்தபோது அரசாங்கம் பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் சில நாள் முடக்கவேண்டி வந்தது. "சிறிய நெருப்பு எவ்வளவு பெரிய காட்டைக் கொளுத்திவிடுகிறது" என்பதற்கு எங்கள் மாகாணத்திலேயே சாட்சி இருக்கிறது.

அதற்கு அடுத்த ஆண்டு, 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. இறந்தவர்களில் பலர் சிறுபிள்ளைகள். அந்தத் துக்கம் இன்னும் ஆறவில்லை. ஆனாலும் அதற்குப் பின் வந்த மாதங்களில், ஒரு ஊர் முழுவதையும், ஒரு சமூகம் முழுவதையும் குற்றவாளியாக்கும் செய்திகள் ஜெபக் குழுக்களிலும் சுற்றின. தாக்குதலை நடத்தியவர்களைப் பற்றி முன்கூட்டியே முறைப்பாடு செய்தவர்களில் காத்தான்குடி முஸ்லிம்களும் இருந்தார்கள் என்பதை அந்தச் செய்திகள் சொல்லவில்லை. "பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக" என்ற கட்டளையில் பிறன் யார் என்றால், நல்ல சமாரியன் கதையில் இயேசு அதற்குப் பதில் சொல்லிவிட்டார். ஒரே பஸ்ஸில் போய், ஒரே சந்தையில் மீன் வாங்கி, ஒரே வாவியைப் பார்த்து வாழ்கிறோம்.

போனுக்கான பழக்கம் மூன்று வரியில் முடியும். யார் அனுப்பியது என்று தெரியாததை, எப்போது நடந்தது என்று இல்லாததை அனுப்பாதீர்கள். குழுவில் ஒருவரைத் திருத்தாதீர்கள், தனியாக அழையுங்கள். கோபத்தில் வொயிஸ் அனுப்பாதீர்கள், ஏனென்றால் வொயிஸ் அழிந்தாலும் யாராவது இன்னொரு போனில் பதிந்து வைத்திருப்பார்கள். "ஏழு பேருக்கு அனுப்பினால் ஆசீர்வாதம்" என்று வருவதைப் பற்றி எழுதவும் வேண்டுமா? அழித்துவிடுங்கள்.

எட்டாம் படி: செத்த வீட்டில்

யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஏழு நாளும் அவர்கள் நல்ல சிநேகிதர். வாயைத் திறந்ததும் கெட்டது. கடைசியில் தேவனே அவர்களைப் பார்த்து, நீங்கள் என்னைக் குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்றார் (யோபு 42:7).

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாவலடி, கல்லாறு, பாண்டிருப்பு, கல்முனை என்று கடற்கரை முழுவதும் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் இருந்தார்கள். "பாவத்துக்கு வந்த தண்டனை" என்று சொன்ன விசுவாசிகளும் இருந்தார்கள். சீலோவாமிலே கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப்பேர் மற்றவர்களைவிடப் பாவிகளா என்ற கேள்விக்கு இயேசு தெளிவாக இல்லை என்று சொல்லியிருக்கிறார் (லூக்கா 13:4-5). ஆகவே செத்த வீட்டில் காரணம் சொல்லாதீர்கள். "தேவசித்தம்", "கர்த்தர் நல்ல பூவைப் பறித்துக்கொண்டார்", "உங்களுக்கு இன்னும் ரெண்டு பிள்ளை இருக்கே" என்ற மூன்றையும் விட்டுவிடுங்கள். இறந்தவரின் பெயரைச் சொல்லுங்கள், அவர் செய்த ஒரு நல்ல காரியத்தை நினைவுபடுத்துங்கள். ஒன்றும் வராவிட்டால் கதிரை அடுக்கலாம், தேத்தண்ணிக் கோப்பை கழுவலாம். ஒரு மாதம் போய், சனம் எல்லாம் கலைந்த பிறகு இன்னொருமுறை போங்கள்.

ஒன்பதாம் படி: சொன்ன சொல்

இது சின்னது. "உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்" (மத்தேயு 5:37). வரமுடியாத கூட்டத்துக்கு "கர்த்தருக்குச் சித்தமானால் வாறன்" என்று சொல்லாதீர்கள், சித்தமில்லாதது உங்களுக்குத்தான். சீட்டுக்காசைத் திங்கட்கிழமை தருவதென்றால் திங்கட்கிழமை கொடுங்கள், அல்லது ஞாயிற்றுக்கிழமையே போன் எடுத்து முடியாது என்று சொல்லுங்கள். சாட்சி சொல்லும்போதும் நடந்ததைக் கூட்டிச் சொல்லவேண்டாம். தேவனுக்கு எங்கள் மிகைப்படுத்தல் தேவைப்படாது.

பத்தாம் படி: வழுவின பிறகு

எப்படிப் பார்த்தாலும் வழுவத்தான் செய்யும். அதன் பிறகு செய்வதில்தான் வேறுபாடு இருக்கிறது. மன்னிப்புக் கேட்கும்போது சொன்ன வார்த்தையைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். "நான் ஏதாவது பிழையாகச் சொல்லியிருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்" என்பது மன்னிப்பே ஆகாது. எதுவும் சொல்லவில்லை என்றுதான் அதற்குப் பொருள். "செவ்வாய்க்கிழமை பிள்ளைகளுக்கு முன்னால் உங்களைக் கள்ளன் என்று சொன்னேன். அது பிழை. மன்னியுங்கள்." இதற்குப் பின்னால் "ஆனால்" வரக்கூடாது. பிள்ளைகளுக்கு முன்னால் சொன்னதென்றால் பிள்ளைகளுக்கு முன்னாலேயே கேளுங்கள். குழுவில் எழுதியதென்றால் அதே குழுவில் எழுதுங்கள்.

கோள் சொன்ன காரியத்தில் முறை கொஞ்சம் வேறு. முதலில் கேட்டவர்களிடம் போங்கள். "அன்றைக்கு நான் சொன்ன கதை எனக்கு உறுதியாகத் தெரியாது, சொல்லியிருக்கக்கூடாது, நீங்கள் மேலே கொண்டுபோகவேண்டாம்" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லுங்கள். சம்பந்தப்பட்டவரின் காதுக்கு அது போயிருந்தாலோ, போகக்கூடும் என்றாலோ அவரிடமும் போய்ச் சொல்லவேண்டும். அவருக்குத் தெரியவே வராத ஒன்றை, உங்கள் மனப்பாரம் குறையவேண்டும் என்பதற்காக மட்டும் அவர் தலையில் கொண்டுபோய் இறக்குவது சரியென்று எனக்குத் தோன்றவில்லை. இதில் மாற்றுக்கருத்து உள்ளவர்களும் உண்டு. சந்தேகமென்றால் வாய் காக்கக்கூடிய ஒரு போதகரிடமோ குருவானவரிடமோ கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

காணிக்கையைப் பலிபீடத்தண்டையில் வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்று மத்தேயு 5:24 சொல்கிறது. திருவிருந்துக்கு முதல் வாரம் இதற்கு நல்ல வாரம். சனிக்கிழமை இரவு வரை தள்ளினால் செய்யமாட்டோம், ஆகவே செவ்வாய், புதனுக்குள் முடியுங்கள்.

அவர் மன்னிக்காவிட்டால்? "கூடுமானால் உங்களாலானமட்டும் எல்லா மனுஷரோடும் சமாதானமாயிருங்கள்" (ரோமர் 12:18) என்ற வசனத்தில் "உங்களாலானமட்டும்" என்ற அளவு இருக்கிறது. மன்னிப்பைக் கேட்டு வாங்க முடியாது. போய்த் திரும்பத் திரும்பக் கதவைத் தட்டி, "வேதம் மன்னிக்கச் சொல்கிறதே" என்று அவரையே குற்றவாளியாக்காதீர்கள். அவரைப் பற்றி யாரிடமும் குறை சொல்லாமல் இருங்கள், "நான் மன்னிப்புக் கேட்டேன், அவர்தான்..." என்ற கதையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஆலய வளவில் எதிர்ப்பட்டால் தோத்திரம் சொல்லுங்கள். பதில் வராவிட்டால் அடுத்த ஞாயிறும் சொல்லுங்கள்.